மனைக்கு மெய்வடக்கு: திசைகாட்டியா, கைப்பேசியா, சங்குக்குச்சியின் நிழலா?

காரைக்குடிப் பக்கம் மனை கோலும்போது, திசைகாட்டியைத் தரையில் வைத்து, முள் நின்ற திசையையே வடக்கெனக் கொண்டு நூல் பிடிப்பவர்கள் பலர். முள் காட்டுவது காந்த வடக்கு. இவ்வட்டாரத்தில் அது, பூமியின் வடதுருவத்தை நோக்கும் மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 டிகிரி மேற்கே ஒதுங்கியிருக்கிறது; இதுவே ஒதுக்கம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக 200 அடி நீளும் செட்டிநாட்டு வீட்டில், அந்த 2 டிகிரி மறுகோடியில் 7 அடி விலகலாக வந்து நிற்கும்.

திசைகாட்டியை வைத்தே திருத்துவது எளிது: ஒதுக்கம் மேற்கே இருப்பதால் அளவீட்டிலிருந்து 2 டிகிரியைக் கழிக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே முள் அதிகம் சாயாமல் கிடைமட்டமாக நிலைப்பதும் ஒரு வசதி. ஆனால் அருகில் குவித்திருக்கும் கம்பிக்கட்டோ, நிறுத்தியிருக்கும் லாரியோ முள்ளை எவ்வளவு இழுக்கிறது என்பதை இந்தக் கழித்தல் அறியாது. கப்பலில் அந்த இழுப்பைத் திசைக்குத் திசை அளந்து அட்டவணையாக வைத்திருப்பார்கள். மனையில் அப்படி எதுவும் கிடையாது.

கைப்பேசியில் மெய்வடக்கைத் தேர்ந்தெடுத்தால், இருக்கும் இடத்துக்குரிய ஒதுக்கத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆயினும் அதன் உணரியும் காந்தத்தையே நம்புகிறது. உறையில் காந்தம் இருந்தால் அளவீடே கெட்டுவிடும். நூல் பிடிக்க இதை நான் நம்பமாட்டேன்.

சங்கு என்பது நிழல் பார்க்கச் செங்குத்தாக நடும் முளைக்குச்சி; அதன் நிழலுக்கு இரும்பும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். சமதளமாக்கிய தரையில் முளைக்குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் பிற்பகலில் வெளியேறும் புள்ளியையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்துக்கோடே மெய்வடக்கு. இடையில் சூரியன் சற்று வடக்கிலோ தெற்கிலோ நகர்வதால் வரும் பிழை, மார்ச், செப்டம்பர் மாதங்களில் கூடுதலாக இருந்தாலும், மனை வேலைக்குப் பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரு பகல் முழுவதும் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் குறை.

கட்டடத்துக்கு நான் நிழலையே தேர்ந்தெடுப்பேன். அந்தக் கோட்டின் மேல் திசைகாட்டியை வைத்துப் பார்த்தால், ஒதுக்கமும் இரும்பின் இழுப்பும் சேர்ந்த மொத்தப் பிழையும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெயிலுக்குக் காத்திருக்க இயலாதபோது மட்டும், கம்பிகளை நன்கு தள்ளி வைத்துவிட்டு, மனையின் நான்கு மூலைகளிலும் திசைகாட்டியால் அளந்து, நான்கும் ஒத்துவந்தால் 2 டிகிரியைக் கழித்துக் கொள்ளலாம்.