இதய மாடல்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

பாளையங்கோட்டையில் ஒரு லேப் சாமான் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து இந்த இதய மாடலை வாங்கினேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகத்தான் வாங்கியது. ஒரு வருடமாகப் பல கை மாறியும் ஒரு காந்தம்கூடக் கழன்று விழவில்லை. இரண்டாகப் பிரித்தால் நான்கு அறைகளும் நன்றாகத் தெரிகின்றன.

ஆனால் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. முதல் நாளே ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். "டீச்சர், இந்தக் குழாய் நுரையீரலுக்குத்தானே போகுது? அங்க போற ரத்தத்துல ஆக்சிஜன் கம்மின்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் செவப்பா இருக்கு?"

நுரையீரல் தமனிக்குச் சிவப்பும், நுரையீரல் சிரைகளுக்கு நீலமும் அடித்திருக்கிறார்கள். இருக்க வேண்டியது நேர் எதிர். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. பெயர் போகும் திசைக்குத்தான், ரத்தத்தின் தன்மைக்கு இல்லை. உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து (கீழ் அறை) நுரையீரல் தமனி வழியாகப் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்கு (மேல் அறை) வருகிறது. பிள்ளைகள் வழக்கமாக மதிப்பெண் விடுகிற இடமே இதுதான். அங்கேயே மாடல் தப்பாக இருந்தால் எப்படி? அன்று இரவே இரண்டு சின்ன டப்பா எனாமல் பெயின்ட் வாங்கி நானே மாற்றி அடித்தேன். நீலம் என்பது அடையாளத்துக்குத்தான், ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கருஞ்சிவப்புதான் என்பதையும் மறுநாள் சொன்னேன்.

இன்னொரு குறை, இரண்டு வெண்ட்ரிக்கிள் சுவரும் ஒரே கனத்தில் இருக்கின்றன. இதற்குக் கறிக்கடைதான் கைகொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருந்தமனியை (இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) ஒட்ட நறுக்காமல் விட்டுத் தரச் சொல்லி ஒரு ஆட்டு இதயம் வாங்கி வந்தேன். பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் சடாரென்று கீழே இறங்கவில்லை, வால்வு மூடித் தாங்கிப் பிடித்தது. பிள்ளைகள் மாறி மாறி ஊற்றிப் பார்த்தார்கள். அப்புறம் அரிவாள்மணையில் குறுக்காக அரிந்தோம். இடது சுவர் வலதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். வலது பக்கம் தள்ள வேண்டியது பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும். இடது பக்கமோ உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தள்ள வேண்டும்.

நடுச்சுவரை மட்டும் மாடலில் அருமையாகச் செய்திருக்கிறார்கள். ஓட்டை எதுவும் இல்லை என்று விரலால் தடவியே பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று ஆயிரம் வருடத்துக்கும் மேலாக வைத்தியர்கள் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ்தான் அதை மறுத்து, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். இதைச் சொன்னால் பிள்ளைகள் மறுபடியும் ஒருமுறை சுவரைத் தடவிப் பார்ப்பார்கள்.

வாங்கலாம். கடையிலேயே பிரித்து அந்த இரண்டு குழாய்களின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.