பள்ளிக்குப் பணமா, பெற்றோர் கைக்குப் பணமா?

ஏழை வீட்டுப் பிள்ளைகளின் தேர்ச்சியை உயர்த்தப் பொதுப் பணத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதா, பெற்றோர் கையில் கொடுப்பதா என்ற விவாதம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு நெருங்கிப் பிணைந்திருப்பதாகச் சொன்னது. பள்ளிச் செலவு வீண் என்போருக்கு இன்றும் அதுதான் முதல் சாட்சி.

அவர்களின் இரண்டாவது சாட்சி மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி நகரம். பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க, நீதிமன்ற ஆணையால் 1985இல் தொடங்கிய திட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகி, புதிய கட்டடங்களும் ஒலிம்பிக் அளவிலான நீச்சல் குளமும் வந்த பிறகும், கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி குறையவில்லை. ஆனால் புறநகர் வெள்ளையின மாணவர்களை ஈர்ப்பதற்காகக் கட்டிய குளத்தை வைத்து, ஆசிரியர் ஊதியத்துக்கும் சிறிய வகுப்புக்கும் போகும் பணத்தை எடைபோடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானது. நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதிப் பங்கீடு மாறிய இடங்களில் படித்தவர்களை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளிலும் மாணவர் தலைக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், பின்னாளில் அவர்களது ஊதியம் சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கே பலன் அதிகம்.

குடும்ப வருமானத்தின் பக்கமும் சான்று உண்டு. உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகையை ஆராய்ந்த பொருளியலாளர்கள் டால், லாக்னர் இருவரும், குடும்ப வருமானம் 1,000 டாலர் கூடினால் பிள்ளைகளின் கணித, வாசிப்பு மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதன் அளவு) 6 சதவீத அளவு உயர்வதாக 2012இல் காட்டினார்கள். பலன் சிறிதுதான், ஆனால் விரைவில் தெரிகிறது. பள்ளிக்கு முந்தைய வயதில் இந்த வழியே மேல் என்று நினைக்கிறேன்.

பள்ளி வயதில் என் தேர்வு மாறுகிறது. அமெரிக்கப் பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியில் நடப்பதால், வருமான ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. டெக்சஸின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் 1967-68இல், அருகிலிருந்த வசதியான ஆலமோ ஹைட்ஸ் மாவட்டத்தை விட உயர்ந்த விகிதத்தில் வரி விதித்தும், மாநில, கூட்டாட்சி நிதியையும் சேர்த்து மாணவருக்கு 356 டாலர்தான் கிடைத்தது. ஆலமோ ஹைட்ஸில் அது 594 டாலர். இந்த முறை கூட்டாட்சி அரசியலமைப்பை மீறவில்லை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எட்ஜ்வுட் பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் பணம் கூடியிருந்தாலும், அந்த 238 டாலர் வேறுபாடு அப்படியேதான் இருந்திருக்கும்.