நட்சத்திர அட்டையா, வட்டப் பேச்சா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வகுப்பில் அடிப்பதற்குத் தடை போட்டுவிட்டது. சரி, பிரம்புக்குப் பதில் என்ன என்று யோசிக்கும் ஆசிரியர்கள் பலர், நல்ல நடத்தைக்கு ஸ்டார் ஒட்டும் நட்சத்திர அட்டை, வகுப்பே வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் வட்டப் பேச்சு, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

செலவு: அட்டைக்கு ஒரு சார்ட், கொஞ்சம் ஸ்டிக்கர். வட்டத்துக்குக் காசு வேண்டாம். வாரம் ஒரு பீரியடு போகும்.

எளிமை: அட்டையை நாளைக்கே மாட்டலாம். வட்டத்தில் முதலில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் புகார்தான் வரும்.

நீடிப்பு: அட்டை சறுக்குவது இங்கேதான். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்த மழலையர் பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். வரைவதும் ஒழுக்கமும் ஒன்றல்லதான், ஆனாலும் "ஸ்டார் உண்டா மிஸ்?" என்று கேட்டுவிட்டுக் குப்பை பொறுக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும்.

மரியாதை: பட்டப்பெயர் யாருக்கு எப்படி வலிக்கிறது என்பது அட்டையில் ஏறாது, வட்டத்தில் வெளியே வரும். ஆனால் தொடர்ந்து மிரட்டப்படும் பிள்ளையை, மிரட்டுகிறவன் எதிரே பேசவைக்காதீர்கள். அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் வரிசை, கைகழுவல் போன்ற பழக்கங்களுக்கு அட்டை போதும். பழக்கம் பிடித்ததும் கழற்றிவிடுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் வட்டம்தான்.