ஜாங்கோ டீபக் டூல்பார்: எண்ணிக்கையை நம்பலாம், நேரத்தை விசாரிக்க வேணும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு முன்பதிவுத் தளங்கள் செய்து கொடுப்பது என் தொழில். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே சீசன். அந்த மாதங்களில் 'எந்த அறை காலி' என்ற பக்கம் இழுபட்டால் விடுதிக்காரர் உடனே ஃபோன் எடுப்பார். அதனால் ஜாங்கோவில் (பைத்தன் மொழியில் வலைத்தளம் கட்டும் சட்டகம்) எந்தத் தளத்தைத் தொடங்கினாலும், ஒரு பக்கம் உருவாகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் ஜாங்கோ டீபக் டூல்பாரை முதலிலேயே நிறுவி விடுவேன். திறந்த மூல மென்பொருள், காசு தேவையில்லை.

இதன் எஸ்கியூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) பகுதிதான் எனக்கு உயிர். ஒரு பக்கம் திறக்க எத்தனை குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, போனது, ஒவ்வொன்றும் கோடின் எந்த வரியில் கிளம்பியது என்று அப்படியே காட்டும். ஒரே குவெரி மதிப்பு மட்டும் மாறி மாறிப் போனால் அதையும், மதிப்புகூட மாறாமல் திரும்பப் போனால் அதையும் தனித்தனியாக அடையாளமிடும். இந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நேரக் கணக்குத்தான் ஆளை ஏய்க்கும். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் பட்டியலைக் காட்டி, "அக்கா, ஒவ்வொரு குவெரிக்கும் ஐம்பது மில்லிசெக்கன் போகுது, இண்டெக்ஸ் போடுவமா?" என்று கேட்டார். இண்டெக்ஸ் என்றால் தரவுத்தளம் வரிசைகளைச் சீக்கிரம் தேடி எடுக்க உதவும் அகரவரிசை போன்றது. ஒரே ஒரு வரிசையை எடுக்கும் குவெரிக்கும் மூன்று அட்டவணைகளை இணைக்கும் குவெரிக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்டியது. தரவுத்தளம் மெனக்கெடும் நேரம் அப்படிச் சமமாக வராது. எந்த அட்டவணையையும் தொடாத வெறும் 'செலக்ட் 1' குவெரியை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அதற்கும் அதே ஐம்பது! பரிசோதனைத் தரவுத்தளம் இருப்பது சிங்கப்பூரில், நாங்கள் இருப்பது உவர்மலையில். குவெரியை அனுப்பிப் பதில் வந்து சேரும் வரையான நேரத்தைத்தான் டூல்பார் அளக்கிறது. நிஜத் தளத்தில் செயலியும் தரவுத்தளமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அந்தத் தூரமே அங்கே கிடையாது.

தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸை எங்கள் கணினியிலேயே ஓட்டி, தரவின் பிரதியை ஏற்றிப் பார்த்தோம். குவெரி நேரம் எல்லாம் சேர்த்தே சில மில்லிசெக்கன்கள்தான், ஆனாலும் பக்கம் இழுபட்டது. பழைய முன்பதிவுகள் ஒன்று விடாமல் எடுத்து, ஒவ்வொரு வரிசையையும் ஜாங்கோ ஒரு பொருளாகக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த உழைப்பு எஸ்கியூஎல் பகுதியின் கணக்கில் வராது. திகதி வரம்பு போட்டு, தேவையான புலங்களை மட்டும் எடுத்ததும் பக்கம் பறந்தது.

ஒரு குவெரி எப்படி ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று போஸ்ட்கிரெஸே சொல்லும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையை மட்டும் நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேணும். அது குவெரியை உண்மையாகவே ஓட்டும், ஆனால் வரிசைகளை நமக்கு அனுப்பாது. நீளமான விவரணைப் புலங்கள் இருந்தால் அது காட்டும் நேரம் அழகாகத்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் 17 இல் வந்த சீரியலைஸ் தெரிவைச் சேர்த்தால் தரவை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் செலவாவது தெரியும். பஃபர்ஸ் என்ற தெரிவையும் சேர்த்துப் போடுங்கள். தரவு நினைவகத்தில் இருந்து வந்ததா, வெளியே வாசித்து வந்ததா என்று பிரித்துச் சொல்லும். முதல் ஓட்டத்தையும் இரண்டாம் ஓட்டத்தையும் ஒப்பிடும்போது இது இல்லாமல் முடியாது.

டூல்பாரே ஒவ்வொரு குவெரிக்கும் ஸ்டாக் ட்ரேஸ் (கோடின் எந்த வரிகள் வழியாக அது வந்தது என்ற பட்டியல்) சேகரிப்பதால் குவெரி கூடிய பக்கங்களின் மொத்த நேரம் ஊதித் தெரியும். நேரம் பார்க்கும் அன்று அமைப்பில் அந்தச் சேகரிப்பை நிறுத்தி விடுங்கள்.

எஸ்கியூஎல் பகுதியின் தலைப்பில் வெறும் 'செலக்ட் 1' போய்வரும் நேரத்தையும் ஒரு வரியாகக் காட்டினால் புதிதாக வருகிற பிள்ளைகள் தேவையில்லாத இண்டெக்ஸ் போட்டு அலைய மாட்டார்கள். இதைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிக் கேட்கப் போகிறேன்.