திருத்தந்தை விமானத்தில் சொன்னது என்ன? வத்திக்கான் வலைத்தளத்தின் செய்தியாளர் சந்திப்பு எழுத்துப்படிகள் – ஒரு மதிப்பீடு

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை (போப்) வெளிநாட்டுப் பயணம் முடிந்து உரோமைக்குத் திரும்பும்போது, உடன்வரும் செய்தியாளர்களின் கேள்விகளுக்கு விமானத்திலேயே பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் முதலிலிருந்து கடைசிவரை எழுத்தில் இறக்கி, 1995ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று தொடங்கப்பட்ட தன் வத்திக்கான் டாட் விஏ வலைத்தளத்தில் திருத்தந்தையின் நிர்வாக அமைப்பான திருப்பீடம் எவருக்கும் கட்டணமின்றித் தருகிறது. இச்சேவையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கத்தோலிக்கர்களுக்கு இன்று இந்த அளவுக்குத் தேவையான பகுதி அந்தத் தளத்தில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. அதன் குறைகளும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியவை அல்ல என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

இதன் தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1979 ஜனவரியில் மெக்சிகோ பயணத்தின்போது அன்றைய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விமானத்தில் செய்தியாளர்கள் அமர்ந்திருந்த பகுதிக்கு நடந்து சென்று அவர்களோடு பேசினார். பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் கேள்விகள் முன்கூட்டியே பெறப்பட்டு, தேர்ந்தெடுத்தவை மட்டும் அவர்முன் வைக்கப்பட்டன. அவருக்குப் பின் வந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, என்ன கேட்கப்போகிறார்கள் என்பது தெரியாமலேயே பதில் சொன்னார். திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதமான சுற்றுமடல் வெளிவருமுன் பலருடைய கைகளில் சென்று திரும்புகிறது; பல நாள் பயணத்தின் களைப்போடு, ஒலிவாங்கியைப் பிடித்தபடி சொல்லும் பதிலை யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நம்பிக்கையாளரின் கைப்பேசிக்கு முதலில் வந்து சேர்வது அந்தப் பதிலிலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றை வரிதான். ஒரு போதனையின் எடையை ஆவணத்தின் தன்மையிலிருந்தும், அது எத்தனை முறை வலியுறுத்தப்படுகிறது என்பதிலிருந்தும், சொல்லப்படும் முறையிலிருந்தும் அறிய வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தின் 25ஆம் எண்ணில் கூறியிருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசுகிறவர்களிடம் அந்த எண் எடுபடுவதில்லை. ‘திருத்தந்தையே சொல்லிவிட்டார்’ என்று ஒருவர் சொன்னதும் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது.

2013 ஜூலையில் இரியோ டி ஜெனீரோவிலிருந்து திரும்பும் வழியில் நடந்த சந்திப்பின் எழுத்துப்படியை முதலில் படிக்குமாறு எவருக்கும் பரிந்துரைப்பேன். ‘தீர்ப்பிட நான் யார்?’ என்ற மூன்று சொற்களை உலகம் முழுவதும் அறியும். எழுத்துப்படியைத் திறந்தால், அது ஒரு குறிப்பிட்ட குருவானவரைப் பற்றியும் வத்திக்கானுக்குள் தன்பாலின ஈர்ப்பாளர்களின் செல்வாக்குக் குழு ஒன்று இயங்குவதாகக் கூறப்பட்டதைப் பற்றியும் எழுந்த கேள்விக்கான நீண்ட பதிலின் ஒரு பகுதி என்பது தெரியவரும். குற்றச்சாட்டைத் திருச்சபைச் சட்டம் கேட்கிறபடி விசாரித்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிரான்சிஸ் தொடங்குகிறார். பாவத்தை ஆண்டவர் மன்னிக்கும்போது மறந்தும் விடுகிறார் என்று, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவின் மறுதலிப்பை நினைவூட்டுகிறார். ஆண்டவரைத் தேடுகிற, நல்மனம் கொண்ட ஒருவர் என்ற நிபந்தனையையும் சேர்த்துத்தான் அந்த வரியைச் சொல்கிறார். இத்தகையோரை ஒதுக்கக்கூடாது என்று போதனைகளைத் தொகுத்துத் தரும் நூலான ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ அழகாக விளக்குகிறது என்பது அடுத்து வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சட்டமன்றம் தன்பாலினத் திருமணச் சட்டத்தை விவாதித்தபோது, கத்தோலிக்கரான அவைத்தலைவர் மைக்கேல் மேடிகன் அந்த வரியை எடுத்துக்காட்டிச் சட்டத்தை ஆதரித்தார். நிபந்தனையும் மறைக்கல்வி நூலின் மேற்கோளும் விமானத்தோடு நின்றுவிட, மூன்று சொற்கள் மட்டும் சட்டமன்றம்வரை சென்றன. அந்த வரியால் ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு, கலங்கிப்போனவர்களும் உண்டு. இரு தரப்பினரும் பதிலை முழுவதுமாகப் படித்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இந்தச் சேவையின் மதிப்பை எனக்கு முழுமையாக உணர்த்தியது 2015 ஜனவரி 19ஆம் நாள் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் நடந்த சந்திப்பு. அந்தப் பயணத்தில்தான் பிரான்சிஸ் இலங்கையின் மடு அன்னை திருத்தலத்தில் தமிழ் மக்களோடு செபித்துவிட்டு பிலிப்பீன்சுக்குச் சென்றிருந்தார். நல்ல கத்தோலிக்கராக இருப்பதற்கு முயல்களைப் போல் இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை என்று அவர் சொன்ன வரி, மறுநாள் எல்லா மொழிகளிலும் தலைப்பாயிற்று. ஐந்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, உறவினர்களின் ஏளனத்தையும் பணமுடையையும் தாங்கி, திருச்சபையின் போதனைக்காகவே இப்படி வாழ்கிறோம் என்று நம்பிய ஒரு தாய், தன் திருத்தந்தையின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்பதை எண்ணிப் பாருங்கள். ஊரார் அதையே சொன்னபோது அவளுக்குத் தாங்கிப்பிடிக்க ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடத்திலிருந்தே அச்சொல் வருகிறது.

எழுத்துப்படி வேறொரு படத்தைக் காட்டுகிறது. கேள்வி பிலிப்பீன்சின் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் வறுமையையும் பற்றியது. ஏழு முறை அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்று, எட்டாவது முறையாகக் கருவுற்றிருந்த ஒரு பெண்ணைத் தாம் கண்டித்ததை அவர் விவரிக்கிறார். ஏழு பிள்ளைகளை அநாதைகளாக விட்டுப்போக விரும்புகிறாயா என்று கேட்டதாகச் சொல்கிறார். எத்தனை பிள்ளைகள் என்பதைத் தம்பதியர் பொறுப்போடு முடிவு செய்யும் ‘பொறுப்புள்ள பெற்றோர்நிலை’ என்ற கருத்தை அங்கே வலியுறுத்துகிறார். பிறப்பு விகிதத்தைக் குறைக்கத் துடித்த கொள்கைகளுக்கு எதிராக நின்ற முன்னாள் திருத்தந்தை ஆறாம் பவுலைப் பாராட்டுவதும் அதே பதிலில் இருக்கிறது. பிறகு, ஏழைகளுக்கு ஒரு குழந்தை புதையல், ஒவ்வொரு குழந்தையிலும் புதையலைக் காணும் தந்தை தாயின் தாராள மனத்தையும் நாம் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தத் தாய்க்கு யாரேனும் படித்துக் காட்டியிருக்க வேண்டிய வரி இதுதான், ஆனால் தலைப்புகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 21ஆம் நாள் புதன் மறைக்கல்வி உரையில், பிள்ளைகளைக் கடவுளின் கொடையாக ஏற்கும் பெரிய குடும்பங்களைக் காண்பது ஆறுதலும் நம்பிக்கையும் தருகிறது என்றார். நிறையப் பிள்ளைகள் பிறப்பதே வறுமைக்குக் காரணம் என்பது மேலோட்டமான கருத்து, மனிதரை மையத்திலிருந்து அகற்றிப் பணத்தை அங்கே வைத்த பொருளாதார அமைப்பே முதன்மைக் காரணம் என்றும் சொன்னார். தம் சொல் இவ்வளவு குழப்பம் விளைவித்தது அவருக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது என்று திருப்பீடச் செயலகத்தின் பேராயர் ஒருவர் இத்தாலிய நாளிதழிடம் தெரிவித்தார். ‘முயல்’ சென்ற தொலைவில் பாதிகூட இந்த விளக்கங்கள் செல்லவில்லை. இங்கேதான் தளத்தின் ஒரு பெரிய குறையும் வெளிப்படுகிறது. மணிலா எழுத்துப்படியின் பக்கத்தில், இரண்டு நாள் கழித்து ஆற்றப்பட்ட அந்த உரைக்கு எந்தச் சுட்டுதலும் இல்லை. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தும், ஒன்றைப் படிப்பவர் மற்றொன்றைத் தாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எழுத்துப்படி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இத்தாலிய இதழாளர் எயுஜேனியோ ஸ்கல்ஃபாரி தக்க சான்று. அவர் ஒலிப்பதிவும் குறிப்பும் இல்லாமல் பிரான்சிசோடு உரையாடி, பின்னர் நினைவிலிருந்து எழுதினார். 2013 அக்டோபரில் வெளிவந்த அவரது நேர்காணலை இதே வலைத்தளம் முதலில் ஏற்றி, அடுத்த மாதமே நீக்கியது. 2018இல் புனித வெள்ளிக்கு முந்தைய நாளான புனித வியாழனன்று, நரகம் இல்லை என்று திருத்தந்தை கூறியதாக அவர் எழுதியது வெளிவந்தபோது, அதைத் திருத்தந்தையின் சொற்களின் உண்மையான எழுத்தாக்கமாகக் கொள்ளக்கூடாது என்று திருப்பீடம் அறிக்கை விட்டது. இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைவுகூரும் பாஸ்கா மூன்று நாள்களின் வாசலில், பாவமன்னிப்புக்குச் செல்ல வேண்டிய மக்கள் நரகம் உண்டா இல்லையா என்று விவாதிக்க நேர்ந்தது.

இத்தனை பயனுள்ள சேவையின் மீது எனக்குள்ள மிகக் கடுமையான குறை, அது எப்போதும் சொன்னதைச் சொன்னபடியே தந்ததில்லை என்பது. 2009 மார்ச்சில் கேமரூன் செல்லும் விமானத்தில், ஆணுறை வழங்குவது எய்ட்ஸ் சிக்கலை அதிகரிக்கிறது என்று பெனடிக்ட் கூறினார். உடனே வெளிவந்த எழுத்துப்படியில் அது, அதிகரிக்கும் ஆபத்து உண்டு என்று மென்மையாக்கப்பட்டிருந்தது. செய்தியாளர்களின் ஒலிப்பதிவுகள் அதைக் காட்டிக்கொடுத்தன. இப்போது தளத்தில் உள்ள பாடம் அவர் உண்மையில் சொன்னதையே தருகிறது. 2018 ஆகஸ்டில் டப்ளினிலிருந்து திரும்பும்போது, தன் பிள்ளை தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று அறியும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, பிரான்சிஸ் செபிக்கவும், கண்டிக்காதிருக்கவும், உரையாடவும் சொல்லிவிட்டு, சிறுவயதில் அது வெளிப்பட்டால் மனநல மருத்துவத்தின் வழியாகச் செய்யக்கூடியவை பல உண்டு என்றும் சேர்த்தார். மறுநாள் வெளியான எழுத்துப்படியில் மனநல மருத்துவம் என்ற சொல் இல்லை. திருத்தந்தையின் கருத்து மாறிவிடக்கூடாது என்பதற்காக நீக்கியதாகச் செய்தித் தொடர்பகம் விளக்கம் தந்தது.

இதை நான் ஏற்கவில்லை. அந்த வரியைக் கேட்டுத் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அஞ்சிய பெற்றோருக்கும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவோமோ என்று நடுங்கிய பிள்ளைக்கும், சொல்லை மறைப்பது உதவி அல்ல. அச்சொல் தவறுதலாக வந்தது, அவர் கருதியது இதுவே என்று அடியில் ஒரு குறிப்பிட்டால் போதும். தலைப்பைப் பார்த்துக் கலங்கியவரை எழுத்துப்படியை நோக்கி அனுப்பும் எங்களைப் போன்றோருக்கு, அந்த எழுத்துப்படி நம்பத்தக்கது என்ற உறுதி ஒன்றுதான் கையில் இருக்கிறது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்புச் செய்தி விமானம் தரையிறங்கியதும் பறக்கத் தொடங்கிவிடுகிறது. எழுத்துப்படி அதற்குப் பின்னரே வருகிறது, மொழிபெயர்ப்புகள் மேலும் தாமதமாகின்றன. இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலியவற்றில் கிடைக்கும் இது தமிழில் இல்லை. வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பிரிவு தரும் சுருக்கங்கள் தெளிவானவை, நான் நாள்தோறும் நம்பிப் படிப்பவை. எனினும் சர்ச்சைக்குரிய ஒரு பதிலைப் பொறுத்தவரை சுருக்கம் போதாது, கேள்வியோடு முழுப் பதிலும் வேண்டும். பக்கத்தைக் கண்டுபிடிக்க, குறிப்பிட்ட திருத்தந்தையின் பெயரைத் தேர்ந்து, உரைகள் என்ற பகுதிக்குள் ஆண்டையும் மாதத்தையும் திறந்தால், செய்தியாளர் சந்திப்பு என்ற தலைப்பில் அது இருக்கும்.

பங்குத்தந்தையரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். பரபரப்பான வரி ஒன்று வெளிவரும் வாரத்தில், அதற்குரிய கேள்வியையும் பதிலையும் தமிழாக்கி ஒரு தாளில் அச்சிட்டுக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ காலத்தில் இதன் தேவை கூடியிருக்கிறது. உரோமைக்கு அருகில் திருத்தந்தையர் தங்கும் காஸ்தெல் கந்தோல்ஃபோவிலிருந்து புறப்படும்போது வாசலில் காத்திருக்கும் செய்தியாளர்களிடம் அவர் நின்று பேசுகிறார். 2025 செப்டம்பர் 30 அன்று, கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிருக்கு ஆதரவானவர் அல்லர் என்று அவர் அங்கே சொன்ன சில வரிகள், அமெரிக்கக் கத்தோலிக்கரைப் பெரும் வாக்குவாதத்தில் இறக்கின. விமானச் சந்திப்புகளுக்குக் கொடுக்கும் அதே இடத்தை வாசலில் நடக்கும் இந்தச் சிறு உரையாடல்களுக்கும் திருப்பீடம் கொடுத்து, கேள்வியோடு சேர்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல், அன்று இரவே வெளியிட வேண்டும்.