சிஸ்டம்டி வெயிட்-ஆன்லைன்: பூட்டில் முந்திக்கொள்ளும் சர்வீஸ்களுக்கு இது போதுமா?

லினக்ஸ் மெஷின் பூட் ஆகும்போது, ஐபி முகவரி வரும் முன்பே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் கிளம்பி, 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று 99-ஆம் எண் பிழையோடு விழுகிறதா? அதற்கு, லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி தரும் மருந்துதான், நெட்வொர்க் தயாராகும் வரை காத்திருக்கும் நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் சர்வீஸ். நல்ல மருந்துதான், ஆனால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சர்வீஸின் அமைப்பைச் சொல்லும் யூனிட் ஃபைலில் பலரும் ஆஃப்டர் வரியில் நெட்வொர்க் டார்கெட்டை (டார்கெட் என்பது பூட்டின் ஒரு கட்டத்துக்கான பெயர்) எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முகவரி வந்ததா இல்லையா என்பது அந்த டார்கெட்டுக்குத் தெரியவே தெரியாது. எழுத வேண்டியது நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட், அதுவும் ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரிகளிலும். ஆஃப்டர் வரிசையை மட்டுமே சொல்லும். வான்ட்ஸ்தான் டார்கெட்டை இழுத்து வரும்.

பெரிய குறை, இதன் இயல்பான அமைப்பு. சிஸ்டம்டியின் நெட்வொர்க் நிர்வாகியான நெட்வொர்க்டி கவனிக்கும் எல்லா இன்டர்ஃபேஸும் (நெட்வொர்க் போர்ட், கார்டு எல்லாம்) தயாராகட்டும் என்று 120 விநாடி வரை உட்கார்ந்திருக்கும். கேபிள் செருகாத ஒரு போர்ட் போதும், பூட் இரண்டு நிமிடம் நின்றுவிடும். அந்த போர்ட்டின் நெட்வொர்க் ஃபைலில், லிங்க் பகுதியில் 'ரிக்வயர்ட்ஃபார்ஆன்லைன்=நோ' போடுங்கள்; நெட்வொர்க்கை நெட்பிளான் கருவியில் அமைத்திருந்தால் அங்கே 'ஆப்ஷனல்: ட்ரூ'. இல்லாவிட்டால் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை வழியாக இந்த வெயிட்-ஆன்லைன் சர்வீஸைத் திருத்தி, 'இன்டர்ஃபேஸ்' ஆப்ஷனில் வேண்டிய பெயரை மட்டும் கொடுக்கலாம். சர்வீஸ் ஓட்டும் கட்டளையைச் சொல்லும் புதிய எக்ஸெக்ஸ்டார்ட் வரிக்கு மேலே வெற்று எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஒன்று கட்டாயம். இது ஒன்ஷாட் சர்வீஸ் (பல கட்டளைகளை வரிசையாக ஓட்டி முடிக்கும் வகை) என்பதால், அதை விட்டால் பழைய கட்டளையும் சேர்ந்தே ஓடும். ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸ் எழுந்தால் போதும் என்னும் 'எனி' ஆப்ஷன் சோம்பேறி வழி: வேறொரு கார்டு முதலில் எழுந்தால் என்ஜின்எக்ஸ் மறுபடியும் விழும்.

நெட்வொர்க்டிக்குப் பதிலாக நெட்வொர்க்மேனேஜர் ஓடும் மெஷினில் அதற்கென்றே உள்ள வெயிட்-ஆன்லைனைப் பயன்படுத்துங்கள்.

வெளியே போய்ப் பேசும் என்எஃப்எஸ் மவுண்ட் (வேறு மெஷினின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இணைப்பது) போன்றவற்றுக்கு இது சரியான கருவி. வரும் இணைப்புகளுக்காக வெறுமனே லிசன் செய்யும் சர்வருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் 'ஐபி_நான்லோக்கல்_பைண்ட்' மதிப்பை 1 ஆக்கினால், மெஷினுக்கு இன்னும் வராத முகவரியோடும் சர்வர் பைண்ட் ஆகும் (பிணைந்துகொள்ளும்), காத்திருக்க வேண்டியதே இல்லை. ஐபிவி6-க்கு அதைத் தனியாகப் போட வேண்டும். சர்வீஸுக்காக சிஸ்டம்டியே லிசன் செய்யும் சாக்கெட் யூனிட் என்றால் 'ஃப்ரீபைண்ட்=யெஸ்' போதும்.

விழுந்த சர்வீஸைத் தானாக மறுபடி கிளப்பும் ரீஸ்டார்ட்டை நம்புபவர்கள் 'ரீஸ்டார்ட்செக்=5' சேர்க்கவும். இயல்பான 100 மில்லிவிநாடி இடைவெளியில், 10 விநாடிக்கு 5 முறை என்ற வரம்பு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அதன்பின் சிஸ்டம்டி அந்த சர்வீஸைத் திரும்பிப் பார்க்காது.

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று.