குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் யாரிடம் போவது: யூனியனா, வக்கீலா, சீனியரா?

இங்கிலாந்தில் நான் முதுகலை படித்த ஆண்டு, ஒரே வீட்டில் தங்கியிருந்த தம்பி ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை மாலை பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவன் கட்டுரையில் பிறர் எழுத்தை எடுத்தாண்டிருப்பதாகச் சந்தேகம். பத்து நாளில் விசாரணைக் குழு முன் வரவேண்டும். அன்று இரவே அவன் பாட ஆசிரியருக்கு நீண்ட மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டான். தவறு நடந்திருந்தால் மன்னியுங்கள், வீட்டில் கடன் வாங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று. பெரியவர் கோபப்பட்டால் முதலில் பணிந்துபோ என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். ஆனால் அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்து, அரைகுறை ஒப்புதல் வாக்குமூலமாக விசாரணைக் குழுவின் மேசைக்கு வந்தது.

அந்த இரவில் அவனுக்கு யாரிடம் போகலாம் என்று தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவருக்கு இருக்கும் வழிகளை, நான் பார்த்ததையும் அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எடைபோடுகிறேன்.

எல்லாரும் முதலில் தட்டும் கதவு சீனியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு. நள்ளிரவிலும் பதில் வரும், தாய்மொழியில் வரும், ஆறுதலாகவும் இருக்கும். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்று இரவு அவன் தூங்கியதே அதனால்தான். ஆனால் அவர்கள் அனுப்பும் பழைய அப்பீல் கடிதத்தை மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதிமுறை, அதுவும் ஆண்டுக்காண்டு மாறும். போன வருடம் இன்னொருவருக்குப் பலித்த மருத்துவக் காரணம் உங்கள் கோப்பில் பொய்யாகத் தெரிந்தால், எழுத்துத் திருட்டைவிடப் பெரிய குற்றச்சாட்டு அங்கே முளைக்கும்.

துறையில் ஒதுக்கப்பட்டிருக்கும் பர்சனல் டியூட்டர் நல்லவராக இருக்கலாம். உங்கள் உழைப்பை அறிந்தவர் என்ற முறையில் அவர் எழுதித்தரும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அவர் பல்கலைக்கழக ஊழியர். நீங்கள் மனம்விட்டுச் சொல்வதை ரகசியமாகவே வைத்திருக்க அவரால் எல்லா நேரத்திலும் முடிந்துவிடாது.

அடுத்தது மாணவர் யூனியனின் ஆலோசனை மையம். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூனியன் என்றதும் நமக்குக் கொடியும் கோஷமும் நினைவுக்கு வரும். அங்கே அது அலுவலகமும் ஊழியர்களும் கொண்ட ஓர் அமைப்பு. ஆலோசனை மையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஆலோசகர்கள். கட்டணம் கிடையாது. யூனியன் உறுப்பினராக இருக்க விருப்பமில்லை என்று விலகியவருக்கும் சேவைகளில் அநியாயமாகப் பாதகம் நேரக்கூடாது என்று 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது.

"யூனியனுக்குப் பணம் கொடுப்பதே பல்கலைக்கழகம்தானே அண்ணா, அப்புறம் எப்படி நம் பக்கம் பேசுவார்கள்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நிதியில் பெரும்பங்கு பல்கலைக்கழக மானியம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான யூனியன்கள் தனி அறங்காவலர்களைக் கொண்ட தனி அறக்கட்டளைகள். ஆலோசகருக்கு மேலதிகாரி பதிவாளர் கிடையாது. சில இடங்களில் ஆலோசனைப் பிரிவைப் பல்கலைக்கழகமே நடத்துவதும் உண்டு. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: உங்களுக்குச் சம்பளம் தருவது யார், என் கோப்பை வேறு யார் பார்க்கலாம்? நல்ல ஆலோசகர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அவர்களிடம் கிடைக்கும் பெரிய உதவி, எது செல்லாது என்பதை முன்கூட்டியே சொல்வது. மதிப்பெண் குறைவு, இன்னும் அதிகம் தகுதியானவன் நான் என்று எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அப்பீல் நிற்காது; கல்வி சார்ந்த மதிப்பீட்டில் தலையிட முடியாது என்பது அங்கே அடிப்படை விதி. நடைமுறை தவறியது, பாரபட்சம் இருந்தது, தக்க காரணத்தால் முன்பே காட்ட முடியாமல்போன புதிய சான்று இருக்கிறது என்பவைதான் வழக்கமாக ஏற்கப்படும் அடிப்படைகள். நாம் எழுதும் நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் கெஞ்சலாக இருக்கும். அந்த அரைப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர் ஆலோசகர். ஒழுங்கு விசாரணையில் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது என்பதையும், டர்னிட்டின் என்ற ஒப்பீட்டு மென்பொருள் காட்டும் சதவீதம் வெறும் ஒற்றுமை அளவுதான், அதுவே தீர்ப்பாகிவிடாது என்பதையும் தம்பி முதன்முறையாகக் கேட்டது அந்த அறையில்தான்.

குறைகளும் உண்டு. தேர்வு முடிவு வரும் வாரங்களில் கூட்டம் அலைமோதும். பத்து வேலை நாள் கெடுவில் ஒரு வாரம் காத்திருப்பிலேயே போய்விடும். அதனால் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சல் அனுப்பி, கெடு தேதியைத் தலைப்பிலேயே போடவேண்டும். உங்களுக்காக அவர்கள் எழுதித்தரமாட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துத் திருத்தச் சொல்வார்கள். உங்கள்மீது புகார் கொடுத்தவரும் அதே மையத்துக்கு வந்திருந்தால், உங்களுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்யவேண்டிவரும்.

வக்கீல் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை: காசு கொடுத்தால் ஆள் பேசுவான், பல்கலைக்கழகம் பயப்படும். உள் விசாரணைகள் பெரும்பாலும் சட்டப் பிரதிநிதி தேவையில்லாத முறையில்தான் நடக்கின்றன. பல இடங்களில் வக்கீலை உள்ளேயே விடமாட்டார்கள். மிகக் கடுமையான, சிக்கலான வழக்குகளில்தான் விதிவிலக்கு. மணிக்கணக்கில் கட்டணம், அதன்மேல் 20 சதவீத வாட் வரி.

ஆனால் சில சூழல்களில் யூனியன் மட்டும் போதாது. குற்றச்சாட்டு போலீஸ் வழக்காகவும் ஆகக்கூடியது என்றால், விசாரணைக் குழுவிடம் வாய் திறப்பதற்கு முன்பே கிரிமினல் சொலிசிட்டரை, அதாவது குற்ற வழக்குகளைப் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள். போலீஸ் நிலையத்தில் விசாரிக்கப்படும் எவருக்கும் சட்ட ஆலோசனை இலவசம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகளில் தொழில் செய்யவே தகுதி இல்லை என்று சொல்லும் விசாரணை வேறு தரம்; பிஎம்ஏ (மருத்துவர்களுக்கானது), ஆர்சிஎன் (செவிலியர்களுக்கானது) போன்ற தொழில் அமைப்புகளில் மாணவ உறுப்பினராக இருந்தால் அங்கேயும் உடனே கேளுங்கள். மூன்றாவது விசா. படிப்பிலிருந்து நீக்கினால் பல்கலைக்கழகம் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கி உள்துறைக்குத் தெரிவிக்கும். வழக்கமாக 60 நாளில் நாட்டைவிட்டுக் கிளம்பவேண்டிய நிலை வரும். குடிவரவு ஆலோசனை சொல்ல அங்கே அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரிமை. தெரிந்த அண்ணன் சொன்னார் என்று அதில் இறங்காதீர்கள்.

அப்பீல் நிபுணர் என்று விளம்பரம் செய்யும் தனியார் கன்சல்டன்ட்களைப் பற்றி ஒரே வார்த்தை: இங்கிலாந்தில் பொதுவான சட்ட ஆலோசனை சொல்ல யாருக்கும் தடையில்லை, சொலிசிட்டர் பட்டமும் தேவையில்லை. ஆகவே சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இந்தப் பட்டியலில் பலரும் குழப்பிக்கொள்வது ஓ.ஐ.ஏ. எனப்படும் ஆபீஸ் ஆஃப் தி இன்டிபென்டென்ட் அட்ஜுடிகேட்டர். 2004ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்த அமைப்பு மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அது ஆலோசகர் கிடையாது. இரு தரப்பையும் பார்த்து, பல்கலைக்கழகம் தன் விதியைப் பின்பற்றியதா, முடிவு நியாயமானதா என்று ஆராயும் நடுவர். உள் நடைமுறை எல்லாம் முடிந்து, கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ் என்ற கடிதம் கைக்கு வந்தபின்தான் பொதுவாக அங்கே போகமுடியும். கடிதத் தேதியிலிருந்து 12 மாத அவகாசம். நீதிமன்ற மறுஆய்வுக்கோ தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போயாகவேண்டும். ஓ.ஐ.ஏ.க்கு ஓராண்டு இருக்கிறதே என்று இருந்தவர்களுக்கு இந்தக் கதவு சத்தமில்லாமல் மூடிவிடும். ஸ்காட்லாந்தில் படிப்பவர்களுக்கு ஓ.ஐ.ஏ. பொருந்தாது, அவர்கள் அங்குள்ள பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன் என்ற புகார் விசாரணை அமைப்பிடம் போகவேண்டும்.

பல்கலைக்கழகத்தை எதிர்த்துக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்களிடம் நான் சொல்லும் செய்தி ஒன்று. ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவர் தரப்பைக் கேட்காமலே கேம்பிரிட்ஜ் பறித்தது. அது செல்லாது என்று 1723இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளே அவன் தரப்பைக் கேட்டார் என்று அந்த வழக்கில் ஒரு நீதிபதி சுட்டிக்காட்டினார். உங்கள் தரப்பைச் சொல்வது அங்கே முந்நூறு ஆண்டுப் பழைய உரிமை.

தம்பி திங்கட்கிழமை யூனியனுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். கடிதம், பாடத்தின் விதிமுறைக் கையேடு, கட்டுரையின் பழைய வரைவுகள், நூலகத்தில் எடுத்த குறிப்புகள் எல்லாம் கையில். ஆலோசகர் எதையும் பிரிக்கவில்லை. "இந்தக் கடிதம் வந்தபிறகு யாருக்காவது ஏதாவது எழுதினீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. தம்பி தலைகுனிந்து கைப்பேசியை நீட்டினான். அவர் முழுவதும் படித்துவிட்டு, அதை மறைக்கவேண்டாம், அந்த இரவு ஏன் அப்படி எழுதினாய் என்பதை உன் அறிக்கையின் முதல் பத்தியிலேயே சொல் என்றார். வரைவுகளைத் தேதிவாரியாக அடுக்க அன்று மாலை வரை ஆனது.